எட்டாவது கட்டம்

வீட்டை இடித்துக் கட்டப் போகிறேன், மூன்று மாதத்தில் காலி செய்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போன அன்றைக்கே, மேப் வாத்தியார் ஒரு நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட உட்கார்ந்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம் பூகோளம் நடத்தியவர். சுவரில் மேப் மாட்டாமல் வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. அதனால் வந்த பெயர். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவர் மனைவிக்கு வாத்தியாரம்மா என்று பெயர். அவளோ தபால் ஆபீஸில் முப்பது வருஷம் பதிவுத்தபால் கவுண்டரில் உட்கார்ந்தவள். ஒரு நாள்கூடச் சாக்பீஸைத் தொட்டதில்லை. தபாலம்மா என்று ஒருத்தராவது கூப்பிட்டார்களா என்றால் இல்லை.

பதிவுத்தபால் கவுண்டர் ஒரு மனுஷியை என்ன செய்யும் என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். உறையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறதா, பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறதா, பசை ஒரு ஓரத்தில் மட்டும் பளபளக்கிறதா என்று. அப்படிப் பார்த்தே பழகிய கண், ஓய்வு பெற்றதும் மட்டும் சும்மா இருந்துவிடுமா? யார் எது சொன்னாலும் அவள் மனசு அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வாங்கும்.

தலைநகரை விட்டுப் போய்விடலாம் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. வயதானவர்களுக்கு வீடு என்று கேட்டாலே புரோக்கர்கள் மூன்றாவது மாடியைத்தான் காட்டினார்கள். எந்த ஊருக்குப் போவது என்பதில்தான் பேச்சு நின்றது. மாநிலத்தில் தலைநகருக்கு அடுத்தபடி என்று சொல்லிக்கொள்ள மூன்று ஊர்கள் இருந்தன. மூன்றுமே இரண்டாவது இடம் தனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தன. துறைமுகத்துக்காரர்கள், மில் ஊர்க்காரன் சங்கு ஊதினால்தான் தூங்குவான், சங்கு ஊதினால்தான் எழுந்திருப்பான் என்பார்கள். மில் ஊர்க்காரர்கள், துறைமுகத்தில் பூட்டு வாங்கினால் ஆறு மாதத்தில் துருப்பிடித்துச் சாவியோடு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஜங்ஷன் ஊரிலிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதனால்தான் அங்கே யாரும் இருப்பதில்லை என்று இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து சொல்வார்கள்.

வாத்தியாரம்மாவுக்கு இந்த ஒப்பீடெல்லாம் வேண்டியிருக்கவில்லை. துறைமுகத்தில் அவள் தங்கை இருந்தாள். அங்கே ஒரு வீடு, அந்த வீட்டுக்கு மாடி, அந்த மாடி காலி. அக்கா, நாற்பத்தொரு வருஷம் கடிதாசியிலயும் போன்லயும் குடும்பம் நடத்தியாச்சு, இனிமேலாவது ஒரே ஊர்ல இருந்து சண்டை போடலாம் வா என்று தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மாடி ஜன்னலில் தன் துணி காய்வதை வாத்தியாரம்மா கற்பனையில் பார்த்தும்விட்டாள்.

அவர் கேட்கவில்லை. பாசத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தகுதியை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். நோட்டில் மூன்று ஊருக்கு மூன்று வரிசை. தண்ணீர், ஆஸ்பத்திரி, ரயில், காய்கறிச் சந்தை, மழை பெய்தால் வடிகிறதா, காற்று, உறவு என்று ஏழு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஏழுக்கு அப்புறம் எட்டாவதாக ஒரு கட்டம் கோடு போட்டிருந்தது. அதற்குத் தலைப்பு இல்லை.

நாலாவது நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று கட்டம்தான் நிரம்பியிருந்தன. ஆனால் மில் ஊர் வரிசையின் கடைசியில், பென்சிலால், கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்கிற மாதிரி ஐம்பத்திரண்டு என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. மற்ற இரண்டு வரிசையின் கடைசியும் சுத்தமாக இருந்தது.

வேறு யார் பார்த்திருந்தாலும் அந்தப் பென்சில் எண்ணுக்கு அர்த்தம் தெரிந்திருக்காது. அரையாண்டுப் பரீட்சைத் தாள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும் காலத்தில் அவர் திருத்துவார், அவள் கூட்டுவாள். யாரையாவது எப்படியாவது தேறவைத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டால், முதலில் தாளின் மூலையில் பென்சிலால் முப்பத்தஞ்சு என்று எழுதிக்கொள்வார். அப்புறம் கேள்வி கேள்வியாகப் போய் அந்த முப்பத்தஞ்சுக்கு மார்க் தேடுவார். அவள் கூட்டிப் பார்த்தால் முப்பத்தஞ்சேதான் வரும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஊருக்கே நேர்மையான மனுஷர், பென்சிலைக் கையில் எடுத்தால் மட்டும் இப்படி.

ஆக, பரீட்சை நடப்பதற்கு முன்பே மில் ஊர் பாஸ். எதற்காக?

அதற்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பழைய ஹெட்மாஸ்டருக்குப் பாராட்டு விழா என்று அவர் தனியாக மில் ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்திருந்தார். முட்டிவலி, அவளால் போக முடியவில்லை. திரும்பி வந்தவர் முகத்தில் விளக்கு ஏற்றி வைத்தது போல ஒரு வெளிச்சம். என்ன ஊர், என்ன தெரு என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத் தானே பேசிக்கொண்டார். விழாவில் எடுத்த படம் போனில் வந்தது. அதில், அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்று மில் ஊரில் குடியேறிவிட்ட டிராயிங் டீச்சரும் நின்றிருந்தாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று வாத்தியாரம்மாவுக்குத் தோன்றியது. மனசில் ஒன்றும் இல்லாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், இல்லையா?

அடுத்த வாரம் துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு அகப்பட்டது. மேப்பில் பெயர் எழுதுவதற்கென்று அவர் வைத்திருந்த பொடி எழுத்து. ‘பூத், வலது. பச்சை கேட், இடது. மரம் தாண்டி மூன்றாவது. வெளியே மாடிப்படி.’ அவ்வளவுதான். யாரோ ஒருத்தர் வீட்டுக்கு வழி. யார் வீடு என்று மட்டும் எழுதவில்லை. எழுதவில்லை என்பதுதானே விஷயம். அவள் ஒரு வார்த்தையும் கேட்காமல் சீட்டைக் கைக்குட்டையில் மடித்துத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். அவர் இரண்டு நாள் சட்டைப் பைகளையெல்லாம் துழாவிக்கொண்டிருந்ததையும், என்ன தேடுகிறீர்கள் என்றதற்கு ஒன்றுமில்லை என்றதையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மீதிக் கட்டங்களை நேரில் பார்த்துத்தான் நிரப்ப முடியும், மூன்று ஊரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றாள். முட்டிவலி என்றார். முட்டி இங்கே இருந்தாலும் வலிக்கத்தான் செய்யும் என்றாள்.

முதலில் துறைமுகம். தங்கை வீட்டில் தங்கினார்கள். கடல் காற்று, மீன் சந்தை, வீட்டுக்கு நேர் எதிரே மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாகத் தங்கை காட்ட, அவர் மார்க் போட்டுக்கொண்டே வந்தார். தெருக்கள்தான் யாரோ நூல்கண்டைத் தரையில் போட்டு உதைத்தது போலக் கிடந்தன. எல்லாச் சந்தும் கடலைப் பார்த்துப் போகிற மாதிரி போய் வேறு சந்தில் முடிந்தன. காலையில் காப்பி குடித்துவிட்டு, தனியாக ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், இரண்டரை மணி நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பழைய மாணவன் ஒருத்தனைப் பார்த்தேன், விடமாட்டேன் என்றுவிட்டான் என்றார். அத்தானுக்குப் போகிற ஊரிலெல்லாம் ஒரு மாணவன் முளைத்துவிடுகிறான் என்று தங்கை சிரித்தாள். பெயர் என்ன என்று வாத்தியாரம்மா கேட்டாள். பெயர் மறந்துபோச்சு என்றார். பத்து வருஷத்துக்கு முந்தின மாணவனின் ரோல் நம்பரைச் சொல்கிற மனுஷர். அன்றைக்குச் சாயங்காலம் துறைமுகத்தின் எட்டாவது கட்டத்தில் இரண்டு என்று ஒரு மார்க் விழுந்திருந்தது.

ஜங்ஷன் ஊரில் தங்கினது ஸ்டேஷனுக்கு எதிர் லாட்ஜ். அங்கேயும் காலையில் ஒரு தனி நடை. லாட்ஜுக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டுப் போனார். கால் பிடித்துக்கொண்டது என்றார் வாத்தியார். கொஞ்ச நேரத்தில் இரண்டிரண்டு படியாக ஏறி மொட்டைமாடிக்குப் போய் ரயில்களைப் பார்த்தார். அந்தக் காலிலேயேதான். எட்டாவது கட்டத்தில் மூன்று.

அப்போதுதான் அவள் கேட்டாள், இந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்பு என்று.

“அது… பொதுவா.”

“பொதுவான்னா?”

“பொதுவான்னா பொதுவாதான்.”

நாற்பத்தொரு வருஷத்தில் அவர் எதையும் பொதுவாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. மழை வரும்போலிருக்கிறது என்றால்கூட எந்தத் திசையிலிருந்து என்று சேர்த்துச் சொல்கிறவர்.

மில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் மனசுக்குள் வழக்கு முடிந்து தீர்ப்பு எழுதுவதுதான் பாக்கி. முதல் தெரு முனையிலேயே லாட்ஜ். ஊரைப் பார்த்தால் யாரோ கணக்கு நோட்டில் கட்டம் போட்டுவிட்டு அதன் மேல் வீடு வைத்தது போல இருந்தது. நெடுகப் பன்னிரண்டு தெரு, குறுக்கே பன்னிரண்டு தெரு. பெயரே கிடையாது, எல்லாம் எண்கள். ஒவ்வொரு முனையிலும் இரும்புத் தகட்டில் எண் எழுதி நட்டிருந்தார்கள். மில் தொழிலாளிகளுக்காக ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே சாம்பல் நிற கேட்டுகள். எதிர் டீக்கடைக்காரரிடம் ஊர் எப்படி என்று விசாரித்தாள். தண்ணீர் நல்ல தண்ணீர், காற்றுதான் கொஞ்சம் புகை, மற்றபடி இங்கே குடிகாரன்கூடச் சரியாக வீட்டுக்குப் போய்விடுவான் அம்மா என்றார் அவர். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். தலையை இரண்டு தடவை சீவினார். கண்ணாடி முன் நின்று ஒரு பெருமூச்சு விட்டார். நடை போய்விட்டு வருகிறேன் என்றார். நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள் என்றாள். அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

அவர் வேகமாக நடக்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் நின்றார், தகட்டைப் படித்தார், ஒரு விரலை மடக்கினார், உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். முட்டி விண்விண் என்று தெறிக்க, அவள் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். ஏழாவது தெருவுக்குள் அவர் திரும்பினார். அங்கே இரண்டாவது வீட்டில் ஓவிய வகுப்பு நடைபெறும் என்று கையால் எழுதின போர்டு தொங்கியது. அவர் அந்த கேட்டுக்கு முன்னால் நின்றேவிட்டார்.

நின்றவர் கேட்டைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த தகட்டைப் பார்த்தார். இன்னொரு விரலை மடக்கினார். போர்டு காற்றில் ஆடி அவர் தோளில் இடித்ததைக்கூடக் கவனிக்காமல் தாண்டிப் போனார்.

வாத்தியாரம்மாவுக்கு இது பிடிபடவில்லை. அந்த வீடு இல்லை என்றால் வேறு எந்த வீடு? பர்ஸிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தாள். பூத், வலது. இந்தத் தெருவில் பூத் எதுவும் இல்லை. பச்சை கேட், இடது. இந்த ஊரிலேயே பச்சை கேட் இல்லை. மரம் தாண்டி மூன்றாவது. வெளியே மாடிப்படி. இங்கே மாடி வீடே இல்லை. அப்படியானால் இது இந்த ஊர் வழியே இல்லை.

பால் பூத். நாய் விஷயத்தில் இவர் வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கும் அந்த முனை வீட்டு மனுஷரின் பச்சை கேட். அவள் எப்போதும் சந்தைப் பக்கமிருந்து வருகிறவள். அவளுக்கு எல்லாமே எதிர்க்கைப் பக்கம். பஸ் ஸ்டாப்பிலிருந்து இறங்கி வந்தால்தான் பூத்தில் வலது, கேட்டில் இடது. மரம் தாண்டி மூன்றாவது வீடு. வெளியே மாடிப்படி வைத்த வீடு.

இருபத்தாறு வருஷமாக அவர்கள் குடியிருக்கும் வீடு.

அவள் அந்தத் தெருவிலேயே, யார் வீட்டு கேட்டையோ பிடித்துக்கொண்டு நின்றாள். தொப்பலாக நனைந்த சட்டை, பெயர் மறந்துபோன மாணவன், கைத்தாங்கலாகக் கூட்டி வந்த சைக்கிள் கடைக்காரர் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. முன்னால் அவர், மடக்கின விரல்களை இப்போது ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு, ஆறு, ஐந்து, நாலு என்று திரும்பிக்கொண்டிருந்தார். ஒருத்தரிடமும் வழி கேட்கவில்லை. அவளும் தள்ளித் தள்ளிப் பின்னாலேயே போனாள். லாட்ஜ் வந்ததும் கேட் தூணை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ரிசல்ட் ஒட்டின போர்டில் தன் நம்பரைக் கண்டுபிடித்தவனின் முகம் அப்போது அவருக்கு இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் கழித்து அறைக்குப் போனாள். எங்கே போனாய் என்றார். கடைக்கு என்றாள். கையில் ஒன்றும் இல்லையே என்று அவர் கேட்கவில்லை; அவர் நோட்டைத் திறந்து எட்டாவது கட்டத்தில் பத்து என்று பேனாவால், பெரிதாக, எழுதிக்கொண்டிருந்தார். அவள் சீட்டை அந்தப் பத்தின் மேல் வைத்தாள்.

“இது எந்த வீட்டுக்கு வழி?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “நம்ம வீட்டுக்கு.”

“எத்தனை நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும். தினமும் இல்ல. சில நாள் பஸ்ஸ விட்டு எறங்கினா எல்லாம் தெரியுது. சில நாள் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி நிக்குது.” கரண்ட் போவதையும் வருவதையும் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். “ஹெட்மாஸ்டர் விழாவுக்கு வந்தப்ப இங்க மட்டும் தொலையல. ரெண்டு நாளும் தொலையல.”

“டாக்டர்கிட்ட?”

“போகணும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“மேப் வாத்தியாருக்கு வழி தெரியலன்னு யார்கிட்ட சொல்றது? நீயே சிரிப்ப.”

அவளுக்கு உண்மையிலேயே ஒரு சிரிப்பு தொண்டை வரை வந்தது. அது வெளியே வந்தால் வேறு எதுவாகவோதான் வரும் என்று தெரிந்ததால் முழுங்கிக்கொண்டாள். டிராயிங் டீச்சர் விஷயத்தையும் அவளால் முழுங்க முடிந்திருக்கும். ஆனால் அதை இப்போதைக்கு ஓரமாக மட்டும் வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவைக் கேட்டாள். எதற்கு என்றார். திருத்துவது உங்கள் வேலை, கூட்டுவது என் வேலை, எப்போதும் அப்படித்தானே என்றாள்.

அவர் போட்டபடி கூட்டினால் மில் ஊர் ஐம்பத்திரண்டு, மற்ற இரண்டும் நாற்பத்து நாலு. பென்சில் சொன்னது அப்படியே வந்திருந்தது. ஆனால் உறவுக் கட்டத்தில் மூன்று ஊருக்கும் நாலு நாலு என்று போட்டு வைத்திருந்தார். கூடப் பிறந்த தங்கை இருக்கிற ஊருக்கும் நாலு, ஒரு ஈ காக்கை தெரியாத ஊருக்கும் நாலா என்று கேட்டாள். துறைமுகத்தின் நாலை அடித்து ஒன்பது என்று எழுதினாள். பத்தே போட்டிருக்கலாமே என்றார் அவர், குற்ற உணர்ச்சியில். தங்கை பேசுகிற பேச்சுக்கு ஒன்று குறைத்தேன் என்றாள். மில் ஊரின் நாலை அடித்துச் சைபர் போட்டாள். மறுபடி கூட்டினாள்.

துறைமுகம் நாற்பத்தொன்பது. மில் ஊர் நாற்பத்தெட்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப துறைமுகம்தான் பாஸ். கூட்டல் கூட்டல்தானே. நீ கூட வந்தா நான் சமாளிச்சுக்குவேன்.”

அந்த மாடி ஜன்னல் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. கொடியில் காயும் துணியும் வந்தது. அந்த ஜன்னலுக்குக் கீழே, நூல்கண்டுத் தெருவில், காய் வாங்கப் போனாலும் பேப்பர் வாங்கப் போனாலும் அவள் புடவைத் தலைப்பைப் பிடிக்காத குறையாகப் பின்னால் வருகிற ஒருவரும் வந்தார். காலையில் தூணைத் தட்டின கை அவருக்கு அங்கே இருக்காது.

எட்டாவது கட்டத்தின் மேலே, காலியாக இருந்த இடத்தில், ‘வீடு திரும்புதல்’ என்று எழுதினாள். பிறகு மில் ஊரின் உறவுக் கட்டத்தில் தான் போட்ட சைபரை அடித்துவிட்டு இரண்டு என்று போட்டாள்.

“இங்க யாரு இருக்கா, ரெண்டு போட?”

“நாம ரெண்டு பேர் இருக்கோமே.”

“இது கருணை மார்க்.”

“கருணையும் இல்ல, ஒன்னும் இல்ல. எண்ணிப் பாருங்க. டிராயிங் டீச்சரச் சேர்த்தா மூணு போடணும். நான் போடல.”

எந்த டிராயிங் டீச்சர் என்று அவர் கேட்டார். அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டினது ஒட்டினபடிதான் இருந்தது. ஆனாலும் வீடு பார்ப்பதென்றால் மூன்றாவது தெருவுக்கு இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தாள். அவர் சரி என்று, காரணம் புரியாமல், நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

ஐம்பது என்று கூட்டி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்ட பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். மாடியை வேறு யாருக்காவது விட்டுவிடு, எங்களுக்கு மில் ஊர் என்று முடிவாகிவிட்டது என்று தங்கையிடம் சொன்னாள். தங்கை கேட்டாள்.

“அத்தான் மார்க்ல ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டாரா அக்கா?”

உள்ளே அவர் ஜன்னலோரம் நின்று எதிர் முனைத் தகட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

“இல்லடி,” என்றாள். “நான்தான் கூட்டினேன்.”